கீமோதெரபியில் உணவு வெறுப்பும் வேட்கையும்

புற்றுநோய்க்குக் கீமோதெரபி மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கு, காலமெல்லாம் விரும்பிச் சாப்பிட்ட உணவு திடீரென்று ஆகாமல் போவதும், என்றைக்கும் நினைத்துப் பார்க்காத ஒன்றின் மேல் அடங்காத ஆசை எழுவதும் பரவலாகக் காணப்படும் மாற்றங்கள். இறைச்சி, காபி, எண்ணெயில் பொரித்தவை ஆகியவற்றின் மேல்தான் வெறுப்பு பெரும்பாலும் விழுகிறது. ஆசை அதிகம் போவது புளிப்பு, உப்பு, காரம், குளிர்ச்சியான பண்டங்கள் ஆகியவற்றின் மேல். நாக்கு, மூக்கு, குடல், மூளைத்தண்டு ஆகிய நான்கு இடங்களிலும் மருந்து செய்யும் வேலைதான் இப்படி வெளிப்படுகிறது. நோயாளியின் பிடிவாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கர்ப்பிணிக்கு இதே நிலை வந்தால் தமிழில் மசக்கை என்று ஒரு பெயர் இருக்கிறது. பெயர் இருப்பதால் அதற்கு ஒரு மரியாதையும் இருக்கிறது. மசக்கைக்காரி கேட்டுவிட்டால் பருவமில்லாத நாளிலும் மாங்காய் தேடிப் போவார்கள். சோறு கொதிக்கும் வாடை ஆகவில்லை என்றால் அவளை அடுப்படிப் பக்கமே வரவேண்டாம் என்பார்கள். கீமோ எடுப்பவரின் நிலைக்குத் தமிழில் தனிப் பெயர் கிடையாது. அவருக்குக் கிடைப்பதெல்லாம் ‘சாப்பிட்டாத்தானே தெம்பு வரும்’ என்ற வற்புறுத்தல்தான். ‘மசக்கை மாதிரியே இருக்கு’ என்று வீட்டுப் பாட்டிகள் சொல்வது வெறும் உவமை அன்று என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன.

நாக்கும் மூக்கும்

வேகமாகப் பிளந்து பெருகும் செல்களைத் தாக்குவது கீமோதெரபி மருந்துகளின் பொதுவான இயல்பு. தலைமுடி உதிர்வதற்கும் வாய் புண்ணாவதற்கும் காரணம் அதுவே. நாக்கின் சுவை அரும்புகளில் உள்ள செல்களுக்கு ஆயுள் சராசரியாகப் பத்து நாள்தான். பழையவை உதிர உதிரப் புதியவை பிறந்துகொண்டே இருக்க வேண்டும். மருந்து இந்தப் பிறப்பைத் தடுக்கும்போது, பார்க்கையில் நாக்கு நன்றாக இருந்தாலும் சுவை குன்றும் அல்லது திரியும். ‘நாக்கு செத்துப்போச்சு’ என்று நோயாளிகள் சொல்வது ஏறக்குறைய உயிரியல் விளக்கமாகவே அமைந்துவிடுகிறது. மருந்து ஏற்றிய முதல் சில நாள்களில் சுவை மிகவும் மங்கி, அடுத்த சுற்று நெருங்கும்போது ஓரளவு மீள்வதைப் பலரிடம் காணலாம்.

சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின், சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்துகளை எடுப்பவர்கள் வாயில் இரும்பு அல்லது செம்பை நக்கியது போன்ற சுவை தங்குவதாகச் சொல்வார்கள். மருந்து ரத்தத்தின் வழியாகவே சுவை ஏற்பிகளை எட்டிவிடுவதால், கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே சிலருக்கு வாயில் கசப்பு தட்டும். எவர்சில்வர் தம்ளரில் குடித்தால் தண்ணீரே உலோகமாகத் தெரிகிறது என்பவர்களுக்குக் கண்ணாடித் தம்ளரோ பீங்கான் கோப்பையோ உதவும். உலோகக் கரண்டியைத் தவிர்க்கும்படி மேலைநாட்டுக் கையேடுகள் முதலில் சொல்வது வழக்கம். கையால் சாப்பிடும் வீடுகளில் கரண்டியைவிடத் தம்ளரைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மணம். கடாயில் எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வெங்காயம் விழும் அந்த ஒரு நிமிடத்தில் எழும் ஆவி வீட்டின் கடைசி அறைவரை போகும். ஆரோக்கியமானவருக்குப் பசியைக் கிளப்பும் அதே மணம், குமட்டலின் விளிம்பில் படுத்திருப்பவரைக் குளியலறைக்கு ஓட வைக்கும். சூடு ஏற ஏற மணப்பொருள்கள் அதிகமாக ஆவியாகும். அதனால்தான் சூடான குழம்பை மறுப்பவர் ஆறிய இட்லியை மறுக்காமல் சாப்பிடுகிறார்.

குமட்டலின் வழி

சிறுகுடல் சுவரில் உள்ள சிலவகைச் செல்கள் மருந்தால் சிதையும்போது செரடோனினைக் கொட்டுகின்றன. அது வேகஸ் நரம்பைத் தூண்ட, செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறது. மூளைத்தண்டில் ஏரியா போஸ்ட்ரீமா என்ற ஒரு சிறு பகுதி உண்டு. மூளையின் மற்ற இடங்களைக் காக்கும் ரத்தத் தடுப்பு அங்கே முழுமையாக இல்லை. ரத்தத்தில் நஞ்சு கலந்தால் முதலில் கண்டுபிடித்து வாந்தி எடுக்க வைக்கும் காவல் அது. கீமோதெரபி மருந்தையும் அது நஞ்சாகவே எடுத்துக்கொள்கிறது. செரடோனின் ஏற்பியை அடைக்கும் ஒன்டான்செட்ரானுக்கு 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபின் மருந்து நாளின் வாந்தி பெரிதும் குறைந்தது. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை தொடரும் குமட்டலுக்கு வழி வேறு. 2003இல் வந்த அப்ரெபிட்டன்ட் அதற்குத் துணையானது. வாந்தியைவிட வெறும் குமட்டலை அடக்குவது இன்றும் கடினம். உணவின் மேல் வெறுப்பை வளர்ப்பதும் அந்தக் குமட்டல்தான்.

மசக்கையோடு உள்ள உறவு இந்த இடத்தில்தான் இருக்கிறது. செல்கள் நெருக்கடிக்கு உள்ளாகும்போது சுரக்கும் ஜிடிஎஃப்-15 என்ற புரதத்துக்கான ஏற்பி மூளைத்தண்டின் அந்தக் காவல் பகுதியிலும் அதன் அண்டையிலும் இருப்பதை 2017இல் பல ஆய்வுக் குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டறிந்தன. கருவுற்ற பெண்ணின் ரத்தத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து இந்தப் புரதம் பெருகுவதே கடும் மசக்கை வாந்திக்கு முக்கியக் காரணம் என்று 2023 டிசம்பரில் ‘நேச்சர்’ இதழ்க் கட்டுரை ஒன்று நிறுவியது. சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளும், சில புற்றுக்கட்டிகளும் இதே புரதத்தை உயர்த்துகின்றன. புற்றுநோயால் உடல் உருகிய 187 பேரிடம் இந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் பொன்செக்ரோமாப் என்ற எதிர்ப்பொருள் சோதிக்கப்பட்டு, 12 வாரத்தில் எடை கூடியதாக 2024இல் முடிவு வெளியானது. பாட்டிகளின் ஒப்பீட்டுக்கு மூலக்கூறு அளவிலேயே அடிப்படை கிடைத்துவிட்டது.

கற்றுக்கொள்ளும் வெறுப்பு

நாக்கு கெட்டதால் வரும் வெறுப்பு நாக்கு சரியானதும் போய்விடும். இன்னொரு வகை வெறுப்பு உண்டு. அதை மூளை கற்றுக்கொள்கிறது, எளிதில் மறப்பதில்லை.

இதன் கதை எலிகளிடம் தொடங்குகிறது. சான்பிரான்சிஸ்கோவில் அமெரிக்கக் கடற்படையின் கதிரியக்க ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் கார்சியா, கதிர்வீச்சு அறையில் வைக்கப்பட்ட எலிகள் அங்கே தண்ணீர் குடிப்பதை வரவரக் குறைப்பதைக் கவனித்தார். அந்த அறையில் மட்டும் தண்ணீர் பிளாஸ்டிக் புட்டியில் இருந்தது. புட்டியின் லேசான வாடையையும் தங்கள் உடல்நலக் குறைவையும் எலிகள் முடிச்சுப் போட்டுவிட்டன. பிறகு சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் குடிக்கக் கொடுத்துக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார். விரும்பிக் குடித்த அந்த இனிப்பை எலிகள் அதன்பின் ஒதுக்கின. 1955இல் கார்சியாவும் உடன் ஆய்வாளர்களும் இதை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். உணவுக்கும் உடல்நலக் கேட்டுக்கும் இடையே மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும், ஒரே ஒரு முறை நிகழ்ந்தாலும் போதும், வெறுப்பு பதிந்துவிடும் என்பதை அவருடைய அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. மணியோசையையும் உணவையும் பலமுறை இணைத்துப் பழக்கிய பாவ்லோவ் வழிக் கொள்கையில் வளர்ந்த உளவியலாளர்கள் இதை நம்பவே தயங்கினார்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐலீன் பெர்ன்ஸ்டைன், சியாட்டிலில் கீமோதெரபி பெற்ற குழந்தைகளிடம் இதைச் சோதித்து 1978இல் வெளியிட்டார். மேப்பிள் பாகும் கறுப்பு வால்நட்டும் கலந்த, குழந்தைகள் அதுவரை அறியாத சுவையுள்ள ஐஸ்கிரீம் ஒன்று, வயிற்றைப் புரட்டும் மருந்து ஏற்றுவதற்குச் சற்று முன் ஒரு குழுவுக்குத் தரப்பட்டது. சில வாரம் கழித்து, அதே ஐஸ்கிரீம் வேண்டுமா, விளையாட்டு வேண்டுமா என்று கேட்டபோது, அந்தக் குழுவில் ஐந்தில் ஒருவர் அளவே ஐஸ்கிரீமை எடுத்தனர். ஐஸ்கிரீமும் அத்தகைய மருந்தும் ஒன்றாகச் சேராத மற்றக் குழுக்களில் மூன்றில் இருவர் அளவுக்கு எடுத்தனர். குமட்டியது மருந்தால்தான் என்று தெரிந்திருந்தும் வெறுப்பு பதிந்தது. அறிவு ஒன்று சொல்ல, உடல் வேறொன்றை நம்பியது.

இதில் வீடுகளுக்கு நேரடியான பாடம் இருக்கிறது. கீமோ நாளன்று அதிகாலையில் எழுந்து, ‘அவருக்குப் பிடிக்குமே’ என்று ஆட்டுக்கறிக் குழம்போ வெண்பொங்கலோ செய்து டிபன் கேரியரில் கட்டி எடுத்துப் போவது நம் வழக்கம். அன்பின் மிகுதியால் செய்யும் இந்தக் காரியம் அந்த உணவையே அவரிடமிருந்து பறித்துவிடக்கூடும். மிகப் பிடித்த பதார்த்தங்களை மருந்து நாளிலும் அதை ஒட்டிய குமட்டல் நாள்களிலும் தள்ளி வைப்பதே நல்லது. அன்றைக்கு இழந்தாலும் வருத்தமில்லாத சாதாரண உணவு போதும். புரதம் மிகுந்த உணவுகளின் மேல் வெறுப்பு எளிதில் ஒட்டிக்கொள்வதையும் பெர்ன்ஸ்டைன் குழு கவனித்திருக்கிறது. முட்டையும் மீனும் சிகிச்சை முழுக்கத் தேவைப்படுபவை என்பதால் அவற்றைக் காப்பாற்றி வைப்பது முக்கியம்.

இதே குழு 1987இல் ஒரு பலிகடா உத்தியையும் சோதித்தது. உணவுக்கும் மருந்துக்கும் இடையே, தேங்காய் போன்ற அழுத்தமான சுவையுள்ள மிட்டாய் ஒன்று குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. வெறுப்பு மிட்டாயின் மேல் போய் விழுந்தது. முன்பு சாப்பிட்ட உணவைக் குழந்தைகள் மறுபடி தொடுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. செலவில்லாத, தீங்கில்லாத இந்த உத்தி இன்னும் பரவலாகக் கைக்கொள்ளப்படாதது வருத்தத்துக்குரியது.

கற்ற வெறுப்பு உணவோடு நிற்பதில்லை. மருத்துவமனைக் கிருமிநாசினியின் வாடை, செவிலியரின் சீருடை நிறம், அந்தத் தெருமுனை ஆகியவையே சிலருக்கு மருந்து ஏறும் முன்பே குமட்டலைக் கிளப்பும். முதல் சுற்றிலிருந்தே வாந்தி மருந்துகளைச் சொன்னபடி எடுத்துக்கொள்வதுதான் இதற்குச் சிறந்த தடுப்பு. ‘வாந்தி வந்தால் பார்க்கலாம்’ என்று மாத்திரையை மிச்சம் பிடிப்பது தவறு.

வேட்கை

வெறுப்பைப்போல் வேட்கை அவ்வளவாக ஆராயப்படவில்லை. தெளிவான காரணங்களில் முதலாவது ஸ்டீராய்டு. வாந்தியைத் தடுக்கவும் ஒவ்வாமையைத் தடுக்கவும் தரப்படும் டெக்சாமெத்தசோன் இரண்டு மூன்று நாளுக்குப் பசியைக் கிளறிவிடும். ரத்தப் புற்றுநோய்க்கு வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைகள் நடுராத்திரியில் எழுந்து சிப்ஸும் ஊறுகாயும் கேட்டு அழுவதைப் பெற்றோர் அறிவார்கள். அது அடம் அன்று, மருந்தின் பசி. ஸ்டீராய்டு நின்றதும் அடங்கிவிடும். இந்த நாள்களில் சர்க்கரை நோயாளிகள் ரத்தச் சர்க்கரையைக் கவனிக்க வேண்டும்.

புளிப்பையும் காரத்தையும் தேடுவதில் மங்கிய நாக்கை எழுப்பும் முயற்சி இருக்கிறது. புளிப்பு உமிழ்நீரையும் ஊறச்செய்கிறது. எலுமிச்சை ரசம், நெல்லிக்காய், புளிச்சாதம் போன்றவை இதனால்தான் இறங்குகின்றன. வாயில் புண் இருந்தால் இவையே எரிக்கும். பனிக்கட்டி, பச்சரிசி, திருநீறு, சுண்ணாம்பு போன்றவற்றைத் தின்னத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். ரத்தப் பரிசோதனை தேவை.

பனிக்கட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஃப்ளூரோயுராசில் ஊசி போடும் வேளையில் அரை மணி நேரம் பனிக்கட்டியைச் சப்புவது வாய்ப்புண்ணைக் குறைக்கும். ஆக்சாலிபிளாட்டின் எடுப்பவர் குளிர்ந்ததைத் தொட்டாலே விரல் கூசும், விழுங்கினால் தொண்டை இறுகியது போலாகும். அவர் சில நாள்களுக்கு எதையும் குளிராகச் சாப்பிடக் கூடாது. சில சிகிச்சைகளில் இரு மருந்துகளும் சேர்ந்தே வரும். தன் மருந்தின் பெயரை நோயாளி அறிந்திருப்பது அவசியம்.

சமையலறையில்

ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் புரதமும் என்பது பொதுவான இலக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. மூன்று வேளையில் எட்டாத இந்த அளவை ஆறேழு சிறு வேளையில் எட்டலாம். கறி ஆகாதவருக்குப் பாசிப்பருப்புக் கஞ்சி, பனீர், வேர்க்கடலை, தயிர். காபி ஆகாதவருக்குச் சத்துமாவுக் கஞ்சி. சாப்பிடும் முன், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் கலந்து கொப்பளித்தால் வாய்க் கசப்பு குறையும். தாளிப்பதை நோயாளி வெளியே காற்றாடும் நேரத்தில் முடித்துவிடலாம்.

மருந்து ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை வெள்ளணுக்கள் பெரும்பாலும் மிகக் கீழே இருக்கும். அந்த நாள்களில் பழைய சோற்றுக்கு மனம் ஏங்குவதுண்டு. குளிர்ச்சி, லேசான புளிப்பு, வாடையின்மை ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவே. இரவெல்லாம் நுண்ணுயிர்கள் பெருகிய அந்தச் சோற்றை அப்போது தவிர்த்து, அன்று வடித்த சோற்றை ஆறவிட்டு, காய்ச்சிய பாலில் வீட்டில் உறையூற்றிய தயிரில் கரைத்துக் கொடுத்தால் ஏக்கம் பாதியாவது தணியும்.

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியால் சாகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. அதை நம்பி, பாயசம் ஒன்றே இறங்கும் நிலையில் இருப்பவரிடமிருந்து அதையும் பிடுங்குவது கொடுமை. கத்தரிக்காய், மீன் என்று நீளும் பத்தியப் பட்டியலுக்கும் இது பொருந்தும். 6 மாதத்தில் எடை 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மீட்சி

சிகிச்சை முடிந்து சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள் பெரும்பாலோருக்குச் சுவை திரும்புகிறது. தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சும் பெற்றவர்களுக்கு இன்னும் நாளாகும். நாக்கு மீண்ட பிறகும் கற்ற வெறுப்பு தங்கியிருக்கலாம். குமட்டாத நாளில் அதே உணவைச் சிறிதளவு, வேறு பக்குவத்தில், மறுபடி மறுபடி சாப்பிட்டால் அது தளரும். ஒதுக்கிக்கொண்டே இருந்தால் தளர வாய்ப்பே கிடைக்காது. காபி வாடையே ஆகாமல் போனவர் முதலில் பாலில் நாலைந்து சொட்டு டிகாக்ஷன் விட்டுப் பார்க்கிறார். பிறகு அரைத் தம்ளர். சிலர் சில மாதத்தில் பழைய டபராவுக்கே திரும்பிவிடுகிறார்கள்.