தாச்சியும் பனங்காய்ப் பணியாரமும்

ஆவணி பிறந்துவிட்டால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பனங்கூடல்களில் இரவு முழுவதும் ஓர் ஓசை கேட்கும். பழுத்த பனம்பழம் காவோலைகளின் மீது பொத்தென விழும் ஓசை அது. விடியுமுன் எழுந்து கடகத்தோடு செல்லும் பெண்கள் அவற்றைப் பொறுக்கி வருவர். அன்று பிற்பகலிலே அடுப்பில் தாச்சி ஏறும். பனங்காய்ப் பணியாரம் சுடப்படும். பழத்தினாற் செய்வதைக் காய்ப் பணியாரம் என்பானேன் என்று வெளியூரார் வினவுவதுண்டு. யாழ்ப்பாணத்தார் பனம்பழத்தையும் பனங்காய் என்றே வழங்குவர். அதற்குமேல் அதற்கு விளக்கம் இல்லை.

விளக்கம் வேண்டுவது தாச்சி என்னும் சொல்லுக்கே. தமிழ்நாட்டார் வாணலி என்றும் இருப்புச் சட்டி என்றும் கூறும் பாத்திரத்தை ஈழத்தவர் தாச்சி என்கின்றனர். சிங்களத்திலும் அது தாச்சியா என வழங்கும். போர்த்துக்கேய மொழியில் ‘தாச்சோ’ என்பது கைப்பிடியுள்ள உலோகப் பாத்திரத்தைக் குறிக்கும். அச்சொல்லே இங்கு தாச்சி ஆயிற்று என்பர் மொழிநூலார். தாச்சி இருக்கும் அறையாகிய குசினியும் போர்த்துக்கேயச் சொல்லே. அங்கே கிடக்கும் மேசை, கதிரை, அலுமாரி, புகை வெளியேறும் யன்னல், விருந்தினருக்கு வைக்கும் விசுக்கோத்து, காலையில் உண்ணும் பாண் ஆகிய யாவும் அவ்வழி வந்த பெயர்களே. பெயர்கள் இவ்வாறு இருத்தலைக் கண்டு, பலகாரம் பொரிக்கும் கலையையே பறங்கியர் கற்பித்தனர் என்று சொல்லுவாரும் உளர். வேறு சிலரோ, பெயர் எதுவாயினும் பண்டம் அனைத்தும் பழந்தமிழருடையனவே என்பர். இரண்டும் ஆராயாது கூறுவன.

யாழ்ப்பாண இராச்சியம் 1619ஆம் ஆண்டு பிலிப்பே தெ ஒலிவெய்ரா என்னும் போர்த்துக்கேயத் தளபதியால் வெல்லப்பட்டது. இறுதி மன்னனாகிய சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். இச்செய்தியைப் பாடநூல்களிற் படித்தோர் பலர். ஆயினும் அவ்வாண்டிலே போர்த்துக்கல்லின் முடியைச் சூடியிருந்தவன் ஸ்பெயின் நாட்டு மன்னனே என்பதை நினைப்போர் சிலர். 1580 தொடக்கம் 1640 வரை அவ்விரு நாட்டு முடிகளும் ஒரே அரசனின் தலையில் இருந்தன. யாழ்ப்பாணம் வீழ்ந்தபோது ஆண்டவன் ஸ்பெயினில் மூன்றாம் பிலிப்பு எனவும் போர்த்துக்கல்லில் இரண்டாம் பிலிப்பு எனவும் எண்ணப்படுபவன். நல்லூரிலிருந்து வரி திரட்டப்பட்டது அவன் பெயராலேயே.

அம்மன்னனின் அடுக்களைத் தலைவன் பிரான்சிஸ்கோ மார்த்தினெஸ் மொந்தினோ என்பவன். அவன் 1611ஆம் ஆண்டு மத்ரித் நகரில் சமையற்கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டான். புனியுவேலோ எனப்படும் பொரித்த மாப்பண்டத்தின் செய்முறைகள் பல அந்நூலிலே உள்ளன. கோதுமை மாவையும் முட்டையையும் கலந்து, உருட்டியோ வளையமாக்கியோ, கொதிக்கும் எண்ணெயிலாவது பன்றிக் கொழுப்பிலாவது இட்டுப் பொரித்து, தேனிலே தோய்த்து அல்லது சீனி தூவி உண்பது அது. நோன்புக்காலத்திலும் திருநாள்களிலும் ஸ்பானிய இல்லங்களில் இன்றும் அது சுடப்படுகின்றது.

ஸ்பானியரும் அதைத் தாமே கண்டுபிடித்தவரல்லர். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமனாகிய மூத்த கேற்றோ எழுதிய உழவு நூலிலே, பாற்கட்டியையும் தானியத்தையும் பிசைந்து உருண்டையாக்கிக் கொழுப்பிற் பொரித்துத் தேன் பூசும் முறை காணப்படுகின்றது. அதன் அடுத்த பகுதியிலே, துளையுள்ள பாத்திரத்தின் வழியாக மாவைக் கொதிக்கும் கொழுப்பினுட் சுருளாக இறக்கும் முறையும் சொல்லப்பட்டுள்ளது. முறுக்கு உரலைக் கையாண்டு பழகிய எந்தப் பெண்ணும் அதைக் கேட்டால் புன்னகை செய்வாள். 711ஆம் ஆண்டு ஸ்பெயினுட் புகுந்த முஸ்லிம்கள் 1492இல் கிரனாடா வீழும்வரை அந்நாட்டின் பல பகுதிகளை ஆண்டனர். எண்ணெயிற் பொரித்துத் தேனில் ஊறவைக்கும் பண்டங்கள் அவர்கள் காலத்திற் செழித்தன.

இனி, தமிழர் நிலை யாது? போர்த்துக்கேயக் கப்பல் கீழ்த்திசைக் கடலிலே தோன்றுவதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட மதுரைக்காஞ்சியிலும் பெரும்பாணாற்றுப்படையிலும் ‘கூவியர்’ பேசப்படுகின்றனர். கூவியராவார் அப்பம் சுட்டு விற்போர். கரிய சட்டியும் வெல்லப் பாகும் அவர்கள் தொழிலுக்குரியன. பணியாரம் என்னும் சொல்லும் பண்ணியம், பண்ணிகாரம் என்னும் பழஞ்சொற்களோடு உறவுடையது. திருப்பதிக் கோயிலின் 15ஆம், 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அப்பம், அதிரசம், வடை, சுகியன் என்பன நிவேதனங்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. அந்த அதிரசமே யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளில் அரியதரம் எனப் பெயர்பெற்று இன்றும் அடுக்கப்படுகின்றது. ஆகவே சட்டிக்குப் புதுப்பெயர் வந்ததே ஒழிய, சட்டியில் வேகும் கலை கப்பலில் வந்ததன்று.

இதற்கு நேர்மாறான ஒன்றும் அதே குசினியில் உண்டு. அது அச்சுப் பலகாரம். நீண்ட காம்பின் நுனியிற் பூவடிவாக அமைந்த உலோக அச்சை முதலிற் காய்ந்த எண்ணெயில் வைத்துச் சூடாக்கி, மாக்கரைசலில் முக்கால்வாசி தோய்த்து, மீண்டும் எண்ணெயில் அமிழ்த்தினால், பூ தானே கழன்று மிதக்கும். பெயரோ தூய தமிழ். ஆனால் ஸ்பெயினின் லா மஞ்சா நாட்டுப்புறத்திலே இதேபோன்ற அச்சினால் இதேபோன்ற பூவைச் சுடுகின்றனர். அவர்களும் அதைப் ‘பூ’ என்றே அழைக்கின்றனர். சிங்களவர் இதற்கு இட்ட கொக்கிஸ் என்னும் பெயர் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி 1795 வரை ஆண்டவர். அச்சு ஐரோப்பாவிலிருந்து வந்ததென்பதில் ஐயத்திற்கு இடம் குறைவு. அச்சு வந்ததும், கோதுமைக்கும் பசுப்பாலுக்கும் பதிலாக அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் அதனைப் பற்றிக்கொண்டன. பெயர் அயலாயின் பொருளும் அயல், பெயர் தமிழாயின் பொருளும் தமிழ் என்று கொள்வோர் தாச்சியையும் அச்சையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நன்று.

பனங்காய்ப் பணியாரமோ எவரிடமும் இரவல் வாங்கியதன்று. புனியுவேலோவுக்கு முட்டை தரும் மென்மையையும் பிணைப்பையும் இங்கே பழமே தருகின்றது. பழத்தை முதலில் தணலில் வாட்டுவாரும் உளர். அதனாற் காறல் குறையும் என்பது வழக்கு. மேற்றோலை உரித்து, சிறிது நீர் தெளித்து, தும்போடு கூடிய பழத்தைக் கைகளாற் பிசைந்து பிசைந்து களியைப் பிரிக்க வேண்டும். பின் துணியில் வடித்துத் தும்பை அகற்ற வேண்டும். பொறுமையற்றவருக்கு இது ஏற்ற வேலையன்று. முழங்கை வரை மஞ்சளாகும், மணமோ இரண்டு நாளைக்குப் போகாது. களியிற் கசப்பை உண்டாக்குவது பிளாபெலிபெரின் என்னும் பொருள் என இக்கால வேதியியலார் கண்டுள்ளனர். மரத்துக்கு மரம் கசப்பின் அளவு வேறுபடும். ஆதலால் எந்தப் பனையின் பழம் பணியாரத்துக்கு ஆகும், எது பனாட்டுக்கு ஆகும் என்பதை வீட்டு மூதாட்டியர் மரத்தைச் சுட்டியே சொல்லுவர்.

வடித்த களியைச் சீனியோடு சேர்த்து அடுப்பில் வைத்து, பச்சை மணம் நீங்கக் கிண்டிக் காய்ச்சி இறக்குவர். ஆறிய பின் உப்புச் சிறிது இட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குழைப்பர். எவ்வளவு மா என்று கேட்டால் விடை கிடையாது. பழத்தின் நீர்ப்பற்றைப் பொறுத்து அது மாறும். விரல்களால் எடுத்து விட்டால் உதிராமலும் ஒழுகாமலும் தாச்சியில் விழவேண்டும் என்பதே அளவு. மா கூடினால் பணியாரம் கல்லாகும். குறைந்தால் எண்ணெய் குடிக்கும். எண்ணெய் கடுஞ்சூடானால் மேல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். இளஞ்சூட்டிலே, சிறுசிறு உருண்டைகளாக விட்டு, கருஞ்சிவப்பாக வரும்வரை புரட்டிப் பொரிப்பர். சுட்ட அன்றைவிட மறுநாளே சுவை மிகும் என்பர். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது மறுநாள்வரை இருப்பதுதான் அரிது.

மாவின் கதை தனிக்கதை. குடாநாட்டிற் கோதுமை விளைவதில்லை. அது பெருமளவில் அடுக்களையுட் புகுந்தது இரண்டாம் உலகப் போரின் பின்னரே எனலாம். 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட, இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டில் அரிசிக்குத் துணையாகக் கோதுமை மா கொடுக்கப்பட்டது. பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த மாவின் காரணமாக, ‘அமெரிக்கன் மா’ என்னும் பெயரும் யாழ்ப்பாணத்தில் நிலைத்தது. இன்று பனங்காய்ப் பணியாரத்திற் கோதுமை மாவே பெரும்பங்கு. அரிசி மா சேர்த்துச் செய்வோர் குறைந்து வருகின்றனர். ஆக, முற்றிலும் உள்ளூருக்குரியதென்று பெருமை பேசப்படும் பண்டத்தின் உள்ளேயும் ஒரு கப்பற் சரக்கு உண்டு.

ஸ்பானிய மன்னனின் சமையற்காரன் எழுதி வைத்தான். நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் நூலைத் திறந்து படிக்கலாம். அவன் காலத்திலே நல்லூரில் பணியாரம் சுட்ட பெண்ணின் பெயரோ கைப்பக்குவமோ எந்த ஏட்டிலும் ஏறவில்லை. தாயின் கையைப் பார்த்து மகள் கற்றாள்; அவ்வளவே. அவ்வழி அறாதிருக்கும்வரை ஏடு தேவைப்படவில்லை. 1983இன் பின் போர் பெருகியது. 1990 முதல் குடாநாட்டிற்குப் பொருள்கள் செல்லத் தடை வந்தது. மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கு மக்கள் அலைந்தனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்களிற் பெரும்பாலோர் வீடுகளை விட்டுப் பெயர்ந்தனர். காவலரண்களுக்காகவும் வெடிகளாலும் பனைகள் ஏராளமாய் வீழ்ந்தன. தாய் ஒரு நாட்டிலும் மகள் வேறு நாட்டிலும் ஆயினர்.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டது. பனங்களியைப் பதப்படுத்திப் போத்தலில் அடைக்கும் முறையும் வழக்கில் வந்துள்ளது. தொறன்ரோவிலும் இலண்டனிலும் தமிழர் கடைகளில் அப்போத்தல் கிடைக்கின்றது. அங்குள்ள பெண்கள் தொலைபேசியில் ஊரிலுள்ள தாயிடம் அளவு கேட்கின்றனர். கையை வைத்துப் பார் என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. போத்தலில் வந்த களி தும்பு நீங்கியது. பிசையும் வேலை இல்லை. எனவே அந்த விடை முன்னைப்போல் எளிதாக விளங்குவதில்லை. சிலர் கிராம் கணக்கில் எழுதிவைக்கத் தொடங்கியுள்ளனர். அடுத்த போத்தலின் களி இன்னும் நீர்த்ததாக இருந்தால் அக்கணக்கும் பிழைக்கும்.

ஊரிலோ, களி பிழிந்தபின் எஞ்சும் விதைகளை எவரும் எறிவதில்லை. மண்ணைக் குவித்துப் பாத்தி கட்டி அவற்றை நெருக்கமாக அடுக்கி மூடுவர். மாரி மழை அப்பாத்தியின்மேற் பெய்யும். தை பிறந்து கிழங்கு கிண்டும்வரை தாச்சிக்கு வடையும் மோதகமுமே வேலை.