பழைய ரயில் பாதையில் 152 கிலோமீட்டர்: எந்தச் சைக்கிள் ஏற்றது?

நியூசிலாந்தின் தென்தீவில் கிளைட் என்ற சிற்றூரிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு சைக்கிள் பாதை செல்கிறது. ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் டிரெயில் என்பது அதன் பெயர். அங்கு 1990இல் ரயில் ஓட்டம் நின்றது. தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, 2000ஆம் ஆண்டில் முழுப் பாதையும் சைக்கிளோட்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. பெரும்பாலோர் இதை மூன்று முதல் ஐந்து நாள்களில் முடிக்கின்றனர். விமான டிக்கெட்டும் தங்குமிடமும் முன்பணம் கட்டிப் பதிவு செய்தாகிவிட்ட நிலையில், இரண்டாம் நாளே உட்கார முடியாமல் போனால் அத்தனையும் வீண். அதனால் சைக்கிள் விஷயத்தை முதலில் முடிவு செய்வது நல்லது.

ரயில் பாதை என்பதால் மேடு அதிகம் இல்லை. மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த குடும்பத்தினருக்கு இது தெரிந்த கதைதான்: ரயில் செங்குத்தாக ஏறாது. ஒட்டாகோ பாதையில் 50 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம், அதற்கு மேல் இல்லை. மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து 618 மீட்டர்தான். சிரமம் தருபவை சரளைக் கல்லும் எதிர்க்காற்றும்.

சரளைக்கு டயரின் அகலம் முக்கியம். தார்ச் சாலையில் பறக்கும் ரோட் பைக்கின் 25 அல்லது 28 மில்லிமீட்டர் டயர் இங்குச் சரிவராது. சரளையில் புதைந்து வழுக்கும், அதிர்வு முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். 38 முதல் 50 மில்லிமீட்டர் வரையிலான டயர் வசதியாக இருக்கும். காற்றையும் கல்போல் இறுக்கமாக அடிக்க வேண்டாம். ஹைபிரிட், கிராவல் பைக், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக் மூன்றுமே பொருந்தும். பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள விலை உயர்ந்த மவுண்டன் பைக் இங்கே வெறும் பாரம். சிறு சக்கரமுள்ள மடக்கு சைக்கிள் அடுக்குமாடி வீட்டுக்குத் தோதானது, சரளைக்கு அல்ல.

கியரைப் பொறுத்தவரை, எதிர்க்காற்றில் மெதுவாக மிதிக்கச் சின்ன கியர் ஒன்று இருந்தால் போதும்.

சீட்டில்தான் பலர் ஏமாறுகின்றனர். கடையில் பஞ்சு மெத்தைபோல் இருக்கும் அகலமான சீட் அரை மணி நேரத்திற்குச் சுகம். நாள் முழுவதும் ஓட்டினால் தொடையில் உரசிப் புண்ணாக்கும். இடுப்பின் இரண்டு அமரும் எலும்புகளையும் தாங்கும் அளவுக்கு அகலமும் ஓரளவு உறுதியும் உள்ள சீட்டே நெடுந்தூரத்திற்கு உதவும். பெண்களுக்கு இந்த எலும்புகளின் இடைவெளி பொதுவாகச் சற்று அதிகம். கணவரின் சைக்கிளை அப்படியே வாங்கி ஓட்டினால் வலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சீட்டின் உயரத்தைப் பார்க்க எளிய வழி உண்டு. சீட்டில் அமர்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் முட்டி நேராக நீள வேண்டும். முட்டி மடங்கியே இருந்தால் சீட் தாழ்வு. இரண்டாம் நாள் முட்டி வலிக்கும்.

முட்டித் தொல்லை உள்ளவர்களுக்கும், துணைவரின் வேகத்திற்கு ஈடுகொடுக்க முடியாதவர்களுக்கும் மின்சைக்கிள் நல்ல தீர்வு. ஆனால் இங்கிருந்து கொண்டுபோக முடியாது. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்குப் பயணிகள் விமானத்தில் இடமில்லை. மின்சைக்கிள் பேட்டரி பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு பெரிது. அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் வழி.

சாதாரண சைக்கிளும் பாதையோர ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும். உயரத்தையும் கால் நீளத்தையும் முன்கூட்டியே எழுதி அனுப்புவது நல்லது. பழகிய சீட்டைக் கழற்றிப் பையில் எடுத்துச் சென்று வாடகை சைக்கிளில் மாட்டுவோரும் உண்டு; அது புத்திசாலித்தனம். சொந்த சைக்கிளைக் கொண்டுபோவோர் டயர், செயின், மட்கார்டு அனைத்தையும் மண் ஒட்டாமல் கழுவ வேண்டும். பயன்படுத்திய சைக்கிளை நியூசிலாந்து விமான நிலையத்தில் தெரிவிப்பது கட்டாயம். செம்பனைத் தோட்டத்துச் சேறு ஒட்டியிருந்தால் அதிகாரிகள் விடமாட்டார்கள்.

புறப்படும் முன் ஒரு சோதனை ஓட்டம் தேவை. சிங்கப்பூரில் இருப்போருக்கு 2011இல் ரயில் நின்றுபோன பழைய கேடிஎம் வழித்தடம் இருக்கிறது. அதன் நீளம் 24 கிலோமீட்டர். மலேசியாவில் தோட்டத்துச் செம்மண் சாலையே போதும். ஒரு நாள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அடுத்தடுத்து இரண்டு நாள் ஓட்ட வேண்டும். இரண்டாம் நாள் காலையில் மறுபடி சீட்டில் அமரும்போதுதான் உண்மை தெரியும்.

தலைக்கவசம் நியூசிலாந்தில் சட்டப்படி கட்டாயம். பாதையில் மூன்று சுரங்கங்கள் வருகின்றன. எதிலும் விளக்கு கிடையாது. போல்பர்ன் பள்ளத்தாக்கில் உள்ள இரண்டும் தலா 200 மீட்டருக்கு மேல் நீளமானவை. உள்ளே இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க ஒரு டார்ச்லைட் போதும்.