கல்வெட்டும் கட்டமும்: பெங்களூருவின் மொழி வரைபடத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

பெங்களூருப் பகுதியின் இடைக்காலக் கல்வெட்டுகளை மொழிவாரியாக வண்ணமிட்டுக் காட்டும் வரைபடம் ஒன்றை இன்று ஓர் ஆய்வு மாணவர் ஒரே மாலைப்பொழுதில் உருவாக்கிவிட முடியும். கல்வெட்டு இருக்குமிடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் கொண்ட அட்டவணை வேண்டும். அவற்றைச் சமஅளவுச் சதுரங்களாகத் தொகுத்துத் தரும் மென்பொருள் வேண்டும். தமிழ்க் கல்வெட்டு மிகுந்த கட்டத்துக்கு ஒரு நிறம், கன்னடக் கல்வெட்டு மிகுந்த கட்டத்துக்கு மற்றொரு நிறம். பார்க்க அழகாகவும் புறவயமாகவும் தோன்றும் அப்படத்தின் கீழே, ‘இது யாருடைய நிலம்’ என்ற சண்டை தொடங்க அதிக நேரம் ஆகாது.

அச்சண்டையில் எப்பக்கமும் சேர்வதற்காக இதை எழுதவில்லை. அதற்கு முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உள்ளது: அந்தச் சதுரங்கள் எங்கிருந்து வந்தன? இந்திய நிலவரைவியலில் கட்டங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் தொடக்கப் பக்கங்களில் ஒன்று பெங்களூருவிலேயே எழுதப்பட்டது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின், வில்லியம் லாம்டன் மைசூர் வழியாகத் தீபகற்பத்தின் குறுக்கே முக்கோண முறையில் அளவாய்வு செய்யத் திட்டமிட்டார். 1800இல் பெங்களூரு அருகே ஓர் அடிக்கோட்டை அளந்தார். 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலை அருகே அவர் அளக்கத் தொடங்கிய அடிக்கோடே, பின்னாளில் ‘மாபெரும் முக்கோணவியல் அளவாய்வு’ எனப் பெயர்பெற்ற பணியின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. லாம்டனின் முறை புள்ளிகளின் முறை. மலையுச்சி, கோபுரம், கொடிமரம் எனக் கண்ணுக்குத் தெரியும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்தை நோக்கிக் கோணம் அளந்து, ஒவ்வொரு புள்ளியின் இருப்பையும் கணக்கிட்டனர். அங்கே கட்டம் இல்லை. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமே இருந்தன.

கட்டம் வந்தது தாள்களின் வழியாக. ஒரு நாடு முழுவதையும் ஒரே தாளில் அச்சிட முடியாது. எனவே எங்கே வெட்டுவது என்று முடிவு செய்தாக வேண்டும். இந்திய அளவாய்வுத் துறை பின்பற்றிய முறை எளிமையானது. 4 பாகை அகலமும் 4 பாகை உயரமும் கொண்ட பெரிய கட்டத்துக்கு ஓர் எண். அதைப் பதினாறாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பாகைக் கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து. அதையும் பதினாறாகப் பிரித்தால் கிடைக்கும் 15 நிமிடக் கட்டத்துக்கு மீண்டும் ஓர் எண். (ஒரு பாகை என்பது 60 நிமிடம்.) இம்முறைப்படி பெங்களூருவின் தென்பகுதி 57 எச்/9 என்ற தாளிலும் வடபகுதி 57 ஜி/12 என்ற தாளிலும் விழுகின்றன. இரண்டையும் பிரிப்பது 13 பாகை வடஅகலாங்கு. கப்பன் பூங்கா கோட்டுக்குத் தெற்கே. இந்திய அறிவியல் கழகம் வடக்கே. ஒரே நகரம் ஒரு பாகைக் கோட்டின் பொருட்டு இரண்டு தாள்களாயிற்று. நகர மக்களின் வாழ்வில் அக்கோட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை.

மேலும், இக்கட்டங்கள் சதுரமும் அல்ல, சமமும் அல்ல. நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கிக் குவிவதால், பெங்களூரு அருகே ஏறத்தாழ 27 கிலோமீட்டர் அகலமுள்ள 15 நிமிடக் கட்டம், காசுமீரத்தில் ஏறத்தாழ 23 கிலோமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. பாகைக் கட்டங்களில் எண்ணிக்கையை ஒப்பிடுவோர் இதைக் கணக்கில் கொள்வது அவசியம்.

பதினாறாகப் பிரித்தல் என்னும் அந்த உத்தி இன்றும் மறையவில்லை. இந்திய அஞ்சல் துறை 2025 மே மாதத்தில் வெளியிட்ட ‘டிஜிபின்’ முகவரிக் குறியீடும் இதே கொள்கையில் அமைந்தது. இந்தியாவை உள்ளடக்கிய 36 பாகைச் சதுரத்தைப் பதினாறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியிட்டு, அதைப் பத்து முறை திரும்பச் செய்தால், ஏறத்தாழ 4 மீட்டர் பக்கமுள்ள கட்டம் கிடைக்கிறது. தாள்களை அடுக்கிவைப்பதற்குத் தோன்றிய ஒழுங்கு இன்று வீட்டு வாசலை அடையாளம் காட்டும் ஒழுங்காகியிருக்கிறது. இரண்டிலும் கட்டத்தின் பணி ஒன்றே: ஓரிடத்தைத் தேடி எடுக்க உதவுவது. அவ்விடத்தைப் பற்றி எதையும் விளக்குவது அதன் பணி அன்று. அடையாளக் கட்டத்தை விளக்கக் கட்டமாகப் பயன்படுத்தும்போதே சிக்கல் தொடங்குகிறது.

கல்வெட்டியலுக்கு வருவோம். பி. எல். ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ வரிசையில் பெங்களூரு மாவட்டத்துக்குரிய ஒன்பதாம் தொகுதி 1905இல் வெளிவந்தது. அதில் கல்வெட்டுகள் வட்டம் வாரியாக எண்ணிடப்பட்டுள்ளன. இன்றுவரை நம் அடிக்குறிப்புகளில் வட்டத்தின் சுருக்கெழுத்தும் எண்ணுமே கல்வெட்டின் பெயராக நிற்கின்றன. ஆக, வருவாய் நிருவாகத்துக்காக வகுத்த வட்டமே கல்வெட்டியலின் முதல் கட்டமாயிற்று. ‘இந்த வட்டத்தில் இத்தனை தமிழ்க் கல்வெட்டுகள்’ என்று நாம் எழுதும் ஒவ்வொரு முறையும், இடைக்காலத் தரவை அண்மைக்கால வருவாய் எல்லைக்குள் கொட்டி அளக்கிறோம்.

மொழியியலிலும் நிலைமை இதுவே. கிரியர்சனின் இந்திய மொழி அளவாய்வு சென்னை மாகாணத்தையும் மைசூர் அரசையும் தன் களத்தில் சேர்க்கவில்லை. எனவே தென்னிந்தியாவுக்கு அத்தகைய விரிவான அடிப்படை வரைபடம் அமையவில்லை. பிரான்சில் சில்லியேரோன் 1902 முதல் வெளியிட்ட மொழி நிலப்படத் தொகுதி, அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களைப் புள்ளிகளாகவே காட்டியது. கட்டமுறையில் புகழ்பெற்ற முன்னோடி தாவரவியலிலிருந்து வந்தது. பெரிங், வால்டர்ஸ் இருவரும் 1962இல் வெளியிட்ட பிரித்தானியத் தாவர நிலப்படத் தொகுதி, 10 கிலோமீட்டர்ச் சதுரம் ஒவ்வொன்றிலும் ஒரு செடி உண்டா இல்லையா என்று காட்டியது. செடிக்கு அது பொருந்தும். ஒரு சதுரத்தைத் திட்டமிட்டு நடந்து தேடிவிட முடியும். கல்வெட்டுக்கு அப்படியே பொருந்தாது. கல்வெட்டு கோயில் இருக்கும் இடத்தில், ஏரிக்கரையில், கொடையாளர் விரும்பிய இடத்தில் நிற்கும். வெற்றுக் கட்டம் என்பது மக்கள் இல்லாத நிலம் என்றோ, அம்மொழி இல்லாத நிலம் என்றோ பொருள்படாது.

ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது பேகூர். ‘பெங்களூரு’ என்ற பெயரின் மிகப் பழைய சான்றாகக் கருதப்படும், ஏறத்தாழ பொ.ஆ. 890ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு இவ்வூர்க் கோயிலில் உள்ளது. இரண்டாவது மடிவாளா. அங்குள்ள சோமேசுவரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ‘வெங்களூர்’ பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலக்கொடையைக் குறிப்பிடுகிறது. மூன்றாவது தோம்லூர். அங்குள்ள சொக்கநாதசாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. விளக்கத்துக்காக ஓரிடத்துக்கு ஒரு மொழியை மட்டும் கணக்கில் கொள்வோம். பேகூர் ஏறத்தாழ 12 பாகை 52.6 நிமிட அகலாங்கிலும், மடிவாளா 55.2 நிமிடத்திலும், தோம்லூர் 57.6 நிமிடத்திலும் உள்ளன. நெட்டாங்கில் மூன்றும் 77 பாகை 36 நிமிடத்துக்கும் 40 நிமிடத்துக்கும் இடையே அடங்கிவிடுகின்றன.

இப்போது 4 நிமிடக் கட்டங்களை வரைவோம். ஒரு பக்கம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். கட்டங்களை 52ஆம் நிமிடத்திலிருந்து தொடங்கினால், பேகூரும் மடிவாளாவும் ஒரே கட்டத்தில் விழும். அது இருமொழிக் கட்டம். தோம்லூர் தனியே தமிழ்க் கட்டமாகும். அதே கட்டங்களை 2 நிமிடம் நகர்த்தி 50ஆம் நிமிடத்திலிருந்து தொடங்கினால், பேகூர் தனித்த கன்னடக் கட்டம். மடிவாளாவும் தோம்லூரும் சேர்ந்து முழுத் தமிழ்க் கட்டம். முதல் படத்தைக் காண்பவர் ‘இரு மொழிகளும் கலந்து வாழ்ந்த நிலம்’ என்பார். இரண்டாம் படத்தைக் காண்பவர் ‘54ஆம் நிமிடத்தில் தெளிவான மொழி எல்லை உள்ளது’ என்பார். ஒரு கல்லும் நகரவில்லை. ஓர் எழுத்தும் மாறவில்லை. 57 எச்/9 என்ற தாளையே கட்டமாகக் கொண்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். ஒரு கிலோமீட்டர்க் கட்டமெனில் மூன்றும் மூன்று தீவுகள். இத்தனைக்கும் மேலாக, முதற்கல்லுக்கும் மற்றவற்றுக்கும் இடையே மூன்றரை நூற்றாண்டுகள் உள்ளன. கட்டம் அந்தக் காலத்தையும் சேர்த்தே தட்டையாக்கிவிடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. அலகின் அளவு மாறினால் புள்ளியியல் தொடர்பின் வலிமையும் மாறும் என்பதை 1934இலேயே கெல்க்கியும் பீலும் எடுத்துக்காட்டினர். 1979இல் ஓப்பன்ஷா, டெய்லர் இருவரும் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து 99 மாவட்டங்களைப் பல்வேறு வகையில் தொகுத்து, ஒரே தரவிலிருந்து ஏறக்குறைய முழு எதிர்மறைத் தொடர்பையும் முழு நேர்மறைத் தொடர்பையும் வரவழைக்க முடியும் என்று காட்டினர். புவியியல் மாணவர்களுக்கு இது பாலபாடம். கல்வெட்டு, வட்டார வழக்கு ஆகியவற்றை வரைபடமாக்கும் நம் துறைகளில்தான் இப்பாடம் இன்னும் போதிய அளவில் புழங்கவில்லை.

கட்டத்துக்கு முந்தைய இன்னொரு சிக்கல், புள்ளியே எது என்பது. பேகூரில் கிடைத்த, போர்க்காட்சி செதுக்கிய புகழ்பெற்ற நடுகல் இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. தக்கோலப் போரையும் காளி என்னும் வேட்டைநாயையும் நினைவுகூரும் ஆதகூர்க் கல்வெட்டும் அங்கேயே இருக்கிறது. அதன் சொந்த ஊர் மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்தது. கைபேசியை எடுத்துக்கொண்டு கற்களின் இருப்பிடத்தைப் பதிவு செய்பவர், இவ்விரண்டையும் கப்பன் பூங்காக் கட்டத்தில் சேர்த்துவிடுவார். கல் இருக்கும் இடம், கல் கிடைத்த இடம், கல் பேசும் இடம் ஆகிய மூன்றும் வெவ்வேறு. மடிவாளாக் கல்வெட்டு நிற்பது மடிவாளாவில். அது பேசுவது வெங்களூர் ஏரியின் கீழுள்ள நிலத்தை. பெங்களூருக் கல்வெட்டுகளை முப்பரிமாணப் பதிவாக்கும் பணியை மிதிக் சொசைட்டி மேற்கொண்டுவரும் இக்காலத்தில், தரவு பெருகப் பெருக இவ்வேறுபாட்டைப் பதிவு செய்வது மேலும் இன்றியமையாததாகிறது.

அப்படியானால் கட்டமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. நமக்கு வேறு வகைக் கட்டம் ஒன்றைக் கல்வெட்டுகளே தருகின்றன. சோழர் காலக் கல்வெட்டுகள் ஊரை நாட்டிலும், நாட்டை வளநாட்டிலும், அதனை மண்டலத்திலும் வைத்துச் சொல்கின்றன. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டின் அரசியல் புவியியல் குறித்த நூலில், கல்வெட்டுகள் குறிப்பிடும் ஊர்களை நிலப்படத்தில் புள்ளிகளாகக் குறித்து, அவற்றைக் கொண்டு நாடுகளின் பரப்பை மீட்டெடுத்தார். அந்த நாடுகள் சம அளவுடையவை அல்ல. நீர்ப்பாசனம் செழித்த இடத்தில் அவை நெருங்கியும், வறண்ட இடத்தில் பரந்தும் அமைந்தன. சதுரக் கட்டம் நாம் தரவின்மீது இடுவது. நாடு என்பது தரவுக்குள்ளிருந்து எழுவது. முன்னது ஒப்பிட உதவும், பின்னது புரிந்துகொள்ள உதவும்.

இறுதியாக, மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒன்று. கல்வெட்டின் மொழி அவ்வூர் மக்களின் பேச்சுமொழிக்கு நேரடிச் சான்று அன்று. 1247இல் இப்பகுதி ஹொய்சளர் ஆட்சிக்காலத்தில் இருந்தது. கன்னட மரபினர் எனப்படும் அவ்வரசர் காலத்திலும் தமிழில் கொடை எழுதப்பட்டது. கொடையாளர், கோயில், எழுதுவோர், ஆவண வழக்கு ஆகிய அனைத்தும் மொழித்தேர்வில் பங்கு கொள்கின்றன. அதை ஒரு சதுரத்தின் நிறமாகச் சுருக்கும்போது, இழப்பது துல்லியத்தை மட்டுமல்ல, வரலாற்றையும்தான்.

எனவே கல்வெட்டு வரைபடம் செய்யும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் நான்கு. புள்ளித் தரவை எப்போதும் உடன் வெளியிடுங்கள். கட்டத்தின் அளவையும் தொடக்கப் புள்ளியையும் படத்தின் கீழேயே எழுதுங்கள். கட்டத்தை அரைப்பங்கு நகர்த்தியும் இருமடங்காக்கியும் மீண்டும் வரைந்து பாருங்கள். முடிவு நிலைத்தால் மட்டும் அதைப் பேசுங்கள். வெற்றுக் கட்டத்தை ‘இல்லை’ என்று எழுதாமல் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். பேகூரின் ‘பெங்களூரு’வும் மடிவாளாவின் ‘வெங்களூரும்’ ஒரே ஊர்ப்பெயரை இரு மொழிகளில் காத்து வைத்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே 54ஆம் நிமிடத்தில் ஓர் எல்லை தெரிந்தால், அதை இட்டது நம் கட்டமா, அக்காலத்து மக்களா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வோம்.