தனி அடுப்பு யாருக்காக?

பல வருஷத்துக்கு முன்னால் தென்காசியில் நண்பன் வீட்டுக் கல்யாணம். ராவுத்தர் குடும்பம். பந்தலில் சஹன் வைத்திருந்தார்கள்: பெரிய தட்டில் நெய்ச்சோறு, சுற்றி நாலு பேர், எல்லார் கையும் ஒரே தட்டில். கொல்லைப்புறத்தில் எங்களைப் போன்ற சைவக்காரர்களுக்குத் தனி அடுப்பு, புதுப் பாத்திரம், வாழையிலை. சமையலுக்கும் எங்க ஆள்தான். நண்பனின் அத்தா வந்து, "கூச்சப்படாம சாப்பிடுங்க தம்பி, கறிக்கரண்டி இந்தப் பக்கமே வரலை" என்றார். என்ன ஒரு பண்பு என்று நெகிழ்ந்துபோனேன்.

இதற்கு மார்க்கத்தில் விதி ஏதும் இருக்கிறதா என்று பிறகு தேடினேன். (புரோகிராம் எழுதுகிறவன் புத்தி, காரணம் தெரியாமல் விடாது.) குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயத்தின் பெயரே அல்மாயிதா, அதாவது உணவு விரிப்பு. அதன் 5ஆம் வசனம் யூதர், கிறிஸ்தவர் உணவை முஸ்லிம்களுக்கும், முஸ்லிம்களின் உணவை அவர்களுக்கும் ஆகுமாக்குகிறது. மற்றவர்கள் வீட்டில்? இறைச்சி என்றால் முறைப்படி அறுத்ததாக இருக்கணும். பன்றி, மது கூடாது. சாமிக்குப் படைத்ததும் வேண்டாம். சோறு, சாம்பார், அப்பளத்துக்குத் தடை கிடையாது. நம்ம பக்கத்து இந்து வீட்டு விசேஷங்களில் ஆடு அறுக்க ஒரு பாயைக் கூப்பிடுவது இதனால்தான். முஸ்லிம் நண்பர்களும் பந்தியில் உட்காரலாமே.

ஆக, தடை பண்டத்துக்கு. சமைத்த கைக்கு இல்லை.

அப்படியானால் அந்தப் புதுப் பாத்திரமும் 'எங்க ஆளும்' யாருடைய விதி? எங்களுடையது! என் தாத்தா முஸ்லிம் வீட்டில் வைத்த ரசத்தைக்கூடத் தொடமாட்டார். வெள்ளைக்காரன் காலத்து ரயில் நிலையங்களில் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் தனித்தனித் தண்ணீர் வைத்திருந்தார்களே, அதே கணக்கு. நான் மரியாதை என்று நினைத்தது, எங்கள் தீட்டுக்கு அவர்கள் செய்துகொடுத்த ஏற்பாடு.

தென்காசிப் பக்கம் இருந்துகொண்டு இதைச் சாதாரணமாகக் கடக்க முடியாது. 1981 பிப்ரவரி 19 அன்று பக்கத்து மீனாட்சிபுரத்தில் ஏறக்குறைய 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. வெளிநாட்டுப் பணம் என்று அப்போது ஊரே, நாடே பேசியது. மாறியவர்கள் சொன்னது சாதி இழிவை. அன்றைக்கு டீக்கடைகளில் அவர்களுக்குத் தனி கிளாஸ் வைக்கிற காலம். முஸ்லிம்களுக்குள் மேல்கீழே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தனி கிளாஸில் குடித்துப் பழகியவனுக்கு சஹன் தட்டு எப்படித் தெரிந்திருக்கும்?

இந்த சீசனில் ஐந்தருவியில் குளித்துவிட்டு நண்பன் வீட்டுக்குப் போனேன். தனியாக எதுவும் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தேன். அவன் அம்மா அவர்கள் வீட்டுச் சட்டியிலேயே புளிக்குழம்பு வைத்திருந்தார்கள். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

என் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.