தண்டனைக்கு எல்லை எது?

துப்பாக்கி வெறும் இரும்பு. அதை யார் ஏந்தலாம், யார் ஏந்தலாகாது என்று ஆள்வோர் வகுக்கும் விதியோ, மனிதனுக்கு அவர்கள் இடும் மதிப்பு! எவனை நம்புகிறது, எவனை ஐயுறுகிறது, எவனை மனிதனாகவே எண்ண மறுக்கிறது என்று ஓர் அரசின் உள்ளக் கிடக்கையை அறிய விரும்புவோர், அவ்வரசின் ஆயுதச் சட்டத்தைப் புரட்டினால் போதும்.

ஒருவன் குற்றம் புரிந்தான். எவரையும் அடித்தானில்லை, எவர் குருதியையும் சிந்தினானில்லை. எனினும் சட்டத்தை மீறினான். நீதிமன்றம் தண்டித்தது. சிறை சென்றான், காலம் கழித்தான், வெளியே வந்தான். துப்பாக்கி லைசென்சு கேட்கும் உரிமை அவனுக்கு மீண்டும் உண்டா? உண்டெனில், எப்போது? இல்லையெனில், எதனால்?

"துப்பாக்கி பற்றிப் பேச நமக்கென்ன வேலை? நாம் ஏடு ஏந்துவோர் அல்லரோ!" என்று தோழர்கள் வினவலாம். மெய்தான். துப்பாக்கி மீது நமக்குக் காதல் இல்லை. வீட்டுக்கு வீடு வேட்டொலி கேட்கும் நாட்டை நாம் விழையவும் இல்லை. ஆனால், தண்டனை முடிந்த பிறகும் தழும்பு தொடரலாமா என்பது துப்பாக்கியோடு நிற்கும் கேள்வி அன்று. அது மனித மானத்தைப் பற்றிய கேள்வி. அதற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் நாஞ்சில் நாட்டு மண்ணிலேயே தொடங்கலாம்.

பிறப்பு தந்த வாள்

புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இன்றும் நிற்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரைத் தோற்கடித்த மார்த்தாண்டவர்மா, பிடிபட்ட டிலனாயைக் கொண்டே படைக்குப் பயிற்சி தந்தார். அக்கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலையும் எரிந்தது. அந்த உலையின் பெருமையை வரலாற்று நூல்கள் பாடுகின்றன. அதே அரசில் வாழ்ந்த உழைப்பாளி மக்களின் நிலையைப் பாடியோர் எத்தனை பேர்?

ஆயுதம் தாங்குவது அன்று சில குலங்களின் வழிவழிப் பெருமை. மற்றையோருக்கு ஆயுதம் இருக்கட்டும், குடை உண்டா? காலுக்குச் செருப்பு உண்டா? பொன் நகை உண்டா? "தாழ்ந்தவர்" என்று முத்திரை குத்தப்பட்டோருக்கு இவை யாவும் தடை! பெண்கள் தோளில் சீலை அணிவதற்கே பல்லாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மன்னரின் அறிவிப்பு வெளிவந்த பின்னரே, அதுவும் கட்டுப்பாடுகளோடு, மேலுடை உரிமை கிட்டியது.

இம்மக்கள் செய்த குற்றம் யாது? எந்த நீதிபதி இவர்களை விசாரித்தார்? எத்தனை ஆண்டுத் தண்டனை? விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை, விடுதலை நாளும் இல்லை! பிறந்ததே குற்றம்; பாடையில் ஏறும்வரை தண்டனை. எல்லையற்ற தண்டனை என்பதன் முழு உருவம் சாதிதான்.

சாமித்தோப்பில் வைகுண்டர் தோன்றினார். அவர் கூறிய சமயக் கருத்துகளை நாம் ஏற்பதும் மறுப்பதும் வேறு செய்தி. அவர் கையில் வாள் இல்லை, எவரையும் தாக்கியதில்லை. ஆயினும் 1830களின் இறுதியில் திருவிதாங்கூர் அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தது. அவரைப் பின்பற்றிய ஆண்கள் தலைப்பாகை கட்டி நின்றனர். குனிந்தே கிடக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட தலைக்கு ஒரு முழத் துணி! பறிக்கப்பட்ட உரிமையை மீட்டுத் தருவது என்றால் என்ன பொருள் என்பதை அத்துணி நமக்கு உணர்த்துகிறது.

ஊருக்கே தண்டனை

அடுத்து வந்தான் வெள்ளையன். அவன் கணக்கு வேறு. பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் அவனை எதிர்த்தன. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலேறினர். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள், சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை விடுத்தார். தென்பாளையங்களில் ஆயுதப் பயன்பாட்டையே ஒடுக்குவதாக அது முழங்கியது. எதிர்த்தவன், எதிர்க்காதவன் என்ற வேறுபாடு அங்கில்லை.

எட்டாண்டு கழிந்தது. அதே இடி ஆரல்வாய்மொழியில் விழுந்தது. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி 1809 ஜனவரியில் குண்டறையில் போர் அறிவிப்பு வெளியிட்டார். பிப்ரவரி 10ஆம் நாள் கும்பினிப் படை ஆரல்வாய்மொழி அரணைத் தகர்த்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்தது. மண்ணடியில் வேலுத்தம்பி உயிர் துறந்தார். அதன் பிறகும் பகை அடங்கவில்லை; அவர் உடலைத் தூக்கிக் காட்டினர், திருவிதாங்கூர்ப் படையையும் கலைத்தனர். தளவாய் ஒருவர் எடுத்த முடிவுக்கு ஒரு நாடே படைக்கலம் இழந்தது!

1857க்குப் பிறகு அச்சம் பெருகியது. வைசிராய் லிட்டன் 1878இல் இரு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, தாய்மொழிப் பத்திரிகைகளின் வாய்ப்பூட்டு. மற்றொன்று, ஆயுதச் சட்டம். பேனாவையும் துப்பாக்கியையும் ஒரே ஆண்டில் கண்டு நடுங்கியது பேரரசு! இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்சு வேண்டும், ஐரோப்பியனுக்கோ விலக்கு. நேற்றுவரை குலம் பேசியது. இப்போது தோலின் நிறம் பேசியது. இரண்டிலும் ஒரு நீதியே: நீ என்ன செய்தாய் என்று கேளாதே, நீ யார் என்று பார்!

பேனாப் பூட்டு நான்காண்டுக்குள் அகற்றப்பட்டது. ஆயுதச் சட்டமோ நீடித்தது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாடு அதைத் திருத்தக் கோரியது. 1930இல் காந்தியார் இர்வினுக்கு முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்சு வழங்குவதும் ஒன்று. அகிம்சையை நாளும் ஓதியவரே அதைக் கேட்டது முரண் அன்று. ஒரு நாட்டையே நம்பத் தகாதது என்று ஒதுக்கிய இழிவை அவர் சுட்டினார். 1931 கராச்சித் தீர்மானம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளின் வரிசையில் வைத்தது. நாடு விடுதலை பெற்றபின், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அதற்கெனத் திருத்தம் கொணர்ந்தார், அது ஏற்கப்படவில்லை. அரசியல் சட்டம், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை மட்டுமே தந்தது. அதில் நமக்குக் குறையில்லை.

பிறவிக் குற்றவாளிகள்

வெள்ளையன் சாதியையும் சட்டத்தையும் முடிச்சுப் போட்ட கொடுமை மற்றொன்று உண்டு: குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே பிறந்த அது, 1911இல் சென்னை மாகாணத்தையும் பற்றியது. குழந்தையாய்ப் பிறந்தவன் குற்றவாளியாய் வளர்ந்தான். கைரேகை கொடுத்தான், காவல் நிலையத்தில் இரவைக் கழித்தான். பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை தர மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிகள் அவர்களை நோக்கித் திரும்பின. சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அச்சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் ஒழிந்தது 1952இல்.

குற்றமே செய்யாதவனுக்கு முடிவில்லாத் தண்டனை! அதைக் கண்ட மண், குற்றம் செய்து தண்டனையை முடித்தவனுக்கேனும் முடிவைத் தர வேண்டாமா?

செயலை அளக்கும் சட்டம்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தை அகற்றியது. அதன் ஒன்பதாம் பிரிவைத் தோழர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். வன்செயலோ ஒழுக்கக்கேடோ கலந்த குற்றத்திற்காகச் சிறைத் தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுகள் செல்லும்வரை ஆயுதம் வைத்திருக்கலாகாது. நன்னடத்தைக்குப் பிணை எழுதிக் கொடுத்தவர், பிணைக் காலம் முடியும்வரை வைத்திருக்கலாகாது.

பிறப்பு எங்கே? காணோம். நிறம் எங்கே? காணோம். செயல் இருக்கிறது, செயலுக்கு ஒரு காலம் இருக்கிறது, காலத்திற்கு ஒரு முடிவு இருக்கிறது. மனுவின் ஏட்டைப் படித்துவிட்டு இப்பிரிவைப் படிப்போர், மனிதன் நடந்து வந்த தொலைவை உணர்வர்.

மற்றொரு வழியும் உண்டு. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், சிறைக்கு அனுப்பாமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ நீதிமன்றம் விடுவிக்க இடம் தருகிறது. அவ்வாறு விடுவிக்கப்பட்டோரை, தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு தீண்டாது என்று அதன் பன்னிரண்டாம் பிரிவு கூறுகிறது.

குறை இல்லையா? உண்டு. "ஒழுக்கக்கேடு" என்றால் என்னவென்று ஆயுதச் சட்டம் வரையறுக்கவில்லை. 1954இல் தேவிகுளத்தில் தடையை மீறிக் கைதானார் நேசமணி. தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று நம் மாவட்டத்தார் நடத்திய அப்போராட்டத்தில் சிறை புகுந்தோர் பலர். 1957இல் சாதியைக் காக்கும் பிரிவுகளைக் கண்டித்து அரசியல் சட்டத்தைக் கொளுத்திச் சிறை சென்றோர் ஆயிரக்கணக்கானோர். இவர்கள் செயலில் ஒழுக்கக்கேடு எங்கே? கொள்கைக்காகச் சிறை ஏகியவனையும் கூட்டுறவுச் சங்கப் பணத்தைச் சுருட்டியவனையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? சொல் தெளிவற்றிருந்தால், அதற்குப் பொருள் கூறும் அதிகாரம் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவருக்குப் போய்விடும்.

ஐந்தாண்டு கழிந்தாலும் லைசென்சு தானாக வந்து சேராது. காவல் நிலைய அறிக்கை வேண்டும். "பொது அமைதிக்கு ஏற்றதன்று" என்று ஆட்சியர் மறுக்கவும் கூடும். மேற்குமலை அடிவாரத்தில் பயிர்க்காவலுக்காக, வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கும் உழவருக்கும் இதே வழிதான்.

பிறப்பின் வாசனையும் முற்றாக அகலவில்லை. குடகர் இனத்தாருக்கும் அங்குள்ள சம்மா நில உரிமையாளருக்கும், லைசென்சின்றித் துப்பாக்கி வைத்திருக்க வெள்ளையன் தந்த விலக்கு, 2019இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. குடகு மக்கள் மீது நமக்குப் பகையில்லை. பிறப்பால் ஒருவருக்கு நம்பிக்கை உண்டெனில், பிறப்பால் ஒருவருக்கு ஐயமும் உண்டு என்று பொருளாகுமே என்றுதான் கேட்கிறோம்.

கடல் கடந்த காட்சி

துப்பாக்கியை அடிப்படை உரிமையாக 1791இலேயே எழுதிக்கொண்ட அமெரிக்காவிலோ நிலை தலைகீழ். அங்கும் முதற்கணக்கு பிறப்பின் கணக்கே: அடிமை முறை ஒழிந்த 1865இல், மிசிசிப்பி மாநிலம் விடுதலை பெற்ற நீக்ரோ மக்கள் லைசென்சின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டமோ, ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றம் செய்த எவரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்றது. எத்தனை காலத்திற்கு? வாழ்நாள் முழுதும்! விலக்குக் கோரி மனுச் செய்ய ஒரு வாயில் இருந்தது. 1992 முதல் அம்மனுக்களை ஆராயப் பணம் ஒதுக்குவதை அந்நாட்டுக் காங்கிரசு நிறுத்தியது. வாயில் இருந்தும், நெடுங்காலம் திறப்பதற்கு ஆள் இல்லாது போயிற்று!

1995இல் பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத் தலைவர், வருமானத்தைக் குறைத்துக் காட்டி 2,458 டாலர் மதிப்புள்ள உணவுச் சீட்டு பெற்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். சிறை இல்லை, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமே. ஆயினும் வாழ்நாள் தடை வந்தது. வழக்காடினார். அவர்மீது அத்தடை செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது ஆண்டு 2023. 2024இல் மீண்டும் அதையே உறுதி செய்தது. மூன்றாண்டுத் தண்டனையின் நிழல் இருபத்தெட்டு ஆண்டு நீண்டது!

துப்பாக்கி மலிந்த நாட்டின் அச்சம் நமக்குப் புரிகிறது. கொலைக்கஞ்சாதவன் கையில் துப்பாக்கி சேராதிருப்பது அறிவுடைமை. பசிக்குப் பொய் சொன்னவனையும் அவனையும் ஒரே பட்டியலில் அடைப்பது சோம்பல்.

சன்னது சொல்லும் பாடம்

அண்டை நெல்லைச் சீமையின் வ.உ. சிதம்பரனாரை நினைவு கூர்வோம். பேசியதற்காக 1908இல் இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைந்தது. சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் விடுதலை. உடல் வெளியே வந்தது, வாழ்வு வரவில்லை; வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. கப்பல் ஓட்டியவர் அரிசியும் எண்ணெயும் விற்று வயிறு கழுவினார். பின்னர் வாலேசு என்ற வெள்ளை நீதிபதியின் துணையால் சன்னது மீண்டது, கோவில்பட்டியில் வழக்காடினார். நன்றி மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரு தாள் திரும்பக் கிடைத்ததற்கு மகன் பெயரையே காணிக்கையாக்கும் அளவு நன்றி ஏன்? "நீ மீண்டும் மனிதன்" என்று அத்தாள் கூறியது. உரிமையை மீட்டுக் கொடுப்பது நீதிபதியின் நல்லுள்ளத்தைப் பொறுத்த தானமாக இருந்தது அன்று. அது சட்டத்தில் எழுதிய கடமையாக இருக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

எனவே நாம் கேட்பவை மூன்று. வன்செயலற்ற குற்றத்தில் எது ஒழுக்கக்கேடு என்பதைச் சட்டமே பட்டியலிடட்டும். ஐந்தாண்டு முடிந்தவரின் விண்ணப்பம் மறுக்கப்படின், பழைய வழக்கு மட்டுமே காரணமாகக் காட்டப்படலாகாது. பிறப்பை ஒட்டிய சலுகை எதுவும் ஆயுதச் சட்டத்தில் இருக்கலாகாது.

இளைஞர்களுக்கு ஒரு வேலையும் உண்டு. மறுக்கப்பட்டவர் எழுத்தில் காரணம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம். பதினான்காம் பிரிவும் பதினெட்டாம் பிரிவும் அதற்கு வழி காட்டுகின்றன. படிப்பகங்களில் இவற்றைப் படியுங்கள். அறியாதவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். சிறை மீண்டு ஊர் திரும்பியவரைத் தேநீர்க்கடைப் பலகையில் தள்ளி உட்காரச் சொல்லும் ஊரில், எந்தச் சட்டமும் தழும்பை ஆற்றாது. அந்தப் பலகையில் அவர் அருகே நாம் முதலில் அமர்வோம்!