கீழிருந்து பார்த்தல்

நம் கவிதைகளில் மேகத்துக்குப் பஞ்சமில்லை. தூது போகிறது, கறுக்கிறது, கலைகிறது. அதில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டால் ரசனை கெட்டுவிடும் என்ற பயம் போலும். ஆம்பூரில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்துகொண்டு இதைக் கேட்காமலிருப்பது எனக்குச் சிரமம். இங்கே ஈரம் என்பது காசு. தோலைப் புறங்கையில் வைத்துப் பார்த்து, "இன்னும் காயணும்" என்று டேனரி முதியவர் ஒருவர் சொல்லிவிட்டால் கடன் தவணையே தள்ளிப்போகும்.

காற்றின் ஈரத்தை அளக்கவும் உடம்பை நம்பியதுண்டு. ஜெனீவாக்காரரான சொஸ்யூர் 1783இல் வெளியிட்ட நூலில் விவரித்த கருவி, எண்ணெய்ப் பசை நீக்கிய மனிதத் தலைமயிர். ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும். (சுண்ணாம்பு போட்டு மயிரைக் களைந்து எறியும் ஊரில் இது வேடிக்கையாகப் படுகிறது.) ஆனால் மயிர், தான் தொங்கும் இடத்து ஈரத்தை மட்டுமே சொல்லும்.

தலைக்கு மேலிருப்பதை அளக்கும் வழி ஒரு தோல்வியிலிருந்து வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கர்கள் செய்த 1.25 செ.மீ. ரேடாரின் அலைகளை நீராவி விழுங்கிவிட்டது. விழுங்கும் பொருள் அதே அலைகளை மெலிதாக உமிழவும் செய்யும். எம்.ஐ.டி.யில் ராபர்ட் டிக்கி அந்த முணுமுணுப்பைக் கேட்க ரேடியோமீட்டர் கட்டினார். வானத்தை அளந்த முடிவுகள் 1946இல் வெளியாயின. இக்கருவி வானுக்கு எதையும் அனுப்புவதில்லை. வானத்தையும், வெப்பநிலை தெரிந்த ஒரு பொருளையும் மாறி மாறிப் பார்த்து வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும் அதன் சொந்த இரைச்சல் கழிந்துவிடும். நம் விமர்சகர்களில் எத்தனை பேருக்கு இது கைவந்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

22 கிகாஹெர்ட்ஸ் பக்கம் நீராவியின் குரல் ஓங்கும். 31 பக்கம் மேகத் துளிகளின் பங்கு கூடும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் இரண்டையும் பிரிக்கலாம். கணக்கு நம் கண்ணைப் பரிகசிக்கிறது. மழைக்காலத்தில் இந்த வட்டார வானத்தின் நீராவி முழுவதையும் இறக்கினால் 5 செ.மீ. அளவுக்கு நீர் நிற்கும். மழை பெய்யாத மேகத்தின் துளிகளை இறக்கினால் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. வறண்ட பாலாற்று மணலுக்கு மேல் இவ்வளவு நீர் தொங்குகிறது. நாம் பாடியதெல்லாம் அதில் கண்ணுக்குத் தெரிந்த துளியை.

மேலிருந்து பார்க்கலாமே என்பார்கள். 1979 ஜூன் 7இல் ஏவப்பட்ட பாஸ்கராவில் 19, 22 கிகாஹெர்ட்ஸ் ரேடியோமீட்டர் இருந்தது. 1981இல் சென்ற இரண்டாம் பாஸ்கரா 31ஐயும் சேர்த்துக்கொண்டது. வங்காள விரிகுடாவின் மேலிருந்த ஈரத்தை அவை படித்தன. ஆம்பூரை அப்படிப் படிக்க முடியாது. இந்த அலைகளில் கடல் மங்கல், நிலமோ பிரகாசம். அந்தப் பிரகாசத்தில் மேலிருக்கும் ஈரம் மறைந்துபோகும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் பின்னணியில் இருப்பது 3 கெல்வின்கூட இல்லாத குளிர்ந்த வெளி. அதன் முன் ஈரம் தனித்துத் தெரியும்.

வேலூருக்கு நேர் வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், சித்தூரைத் தாண்டி, கடங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்குள்ள ரேடியோமீட்டர் அளவுகளை வைத்து 2013இல் வந்த ஆய்வு, இடிமழைக்கு 2 முதல் 4 மணி நேரம் முன்பே அளவுகளில் கூர்மையான மாற்றம் தெரிந்ததாகச் சொல்கிறது. மீனம்பாக்கத்துப் பலூன் காலையும் மாலையும்தான் ஏறும். எங்கள் இடிமழை நடுவில் வந்துபோய்விடும். காயப்போட்ட தோலை அள்ளி உள்ளே போட இரண்டு மணி நேரம் தாராளம்.

மழை விழுந்து முகம் நனைந்தால் கருவியின் அளவு கெட்டுவிடும், அது உண்மை. அதைவிடப் பெரிய குறை, கடங்கிக் கருவி கடங்கி வானத்தைத்தான் கேட்கிறது. 60 கி.மீ. என்பது ஓர் இடிமேகத்துக்கு வேற்றூர். இங்கே இன்னும் புறங்கைதான்.