லைசென்ஸ் இருக்கா, எந்தக் கட்சி?

என் சொந்த ஊர் தடா. சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் காலை வைத்தால் வருகிற ஊர். முன்பு நெல்லூர் மாவட்டம், 2022லிருந்து திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. தொண்ணூறுகளின் கடைசியில் பி.காம். படிக்கச் சென்னைக்குப் போனபோது ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், "அடப்பாவி, எப்ப ஜாமீன்ல வந்தே?" என்பார்கள். 'தடா' சட்டம் 1995லேயே காலாவதியாகிவிட்டது. கேலி மட்டும் காலாவதியாகவில்லை.

இப்போது இருப்பது கனடாவில், டொராண்டோ பக்கம். இங்கே தேர்தல் வந்தால் துப்பாக்கிப் பேச்சும் கூடவே வந்துவிடும். போன முறை என் மகள் கேட்டாள்: "அப்பா, துப்பாக்கியைப் பதிவு செய்யணும்னு சொன்னா லிபரல், வேண்டாம்னு சொன்னா கன்சர்வேடிவ். ஏன் அப்படி? பதிவு பண்றது ஒரு நோட்டுப் புத்தகம்தானே?"

நல்ல கேள்வி. நோட்டுப் புத்தகத்துக்குக் கட்சி எப்படி வந்தது? இதற்குப் பதில் சொல்ல நம்ம ஊர்ச் சரித்திரத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் எனக்கு வசதி.

1878ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐரோப்பியர்களுக்கு விலக்கு! அதாவது, கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் தோல் என்ன நிறம் என்று பார்த்தார்கள். தாய்மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டதும் இதே வருஷம், இதே லிட்டன்தான். குடகு நாட்டுக் கொடவர்களுக்கும் அந்தக் காலத்திலேயே விலக்கு கிடைத்தது. அந்த விலக்கு இன்றும் தொடர்கிறது, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஒரு பதிவேட்டில் விலக்குப் பட்டியல் நுழைந்துவிட்டால் வெளியே போக எத்தனை காலம் ஆகும் பாருங்கள்.

இந்த அவமானம் சுதந்திரப் போராட்டக்காரர்களுக்கு நன்றாகவே உறைத்தது. 1931ல் கராச்சி காங்கிரஸ் போட்ட அடிப்படை உரிமைகள் பட்டியலில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம்பெற்றது. அதை நினைவில் வைத்துத்தான் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அன்னிய ஆட்சியில் கேட்ட கேள்வி வேறு, நம் ஆட்சியில் கேட்கவேண்டிய கேள்வி வேறு என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது. பிறகு 1959ல் புது ஆயுதச் சட்டம் வந்தது. துப்பாக்கி உரிமையல்ல, அனுமதி. ஆனால் அந்த அனுமதிக்கு நிறம் கிடையாது.

தேர்தலும் துப்பாக்கியும் என்றால் நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது 1967 ஜனவரி 12. பிரசார நேரத்தில், ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆருக்குக் கழுத்தில் குண்டு. ராதா பெரியாரின் தொண்டர், அந்தத் தேர்தலில் காமராஜர் பக்கம். எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் தி.மு.க. வேட்பாளர். இரண்டு நடிகர்களுக்கு நடுவே நடந்தது ஒரே நாளில் இரண்டு கட்சிகளுக்கு நடுவே நடந்ததாகிவிட்டது. கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படம் சுவரொட்டியாக ஊரெல்லாம் போனது. பிரசாரத்துக்கே போகாமல் ஜெயித்தார். அந்தத் துப்பாக்கியின் கதையும் லைசென்ஸ் கதையும் கோர்ட்டுக்குப் போயின. சுவரொட்டிக்குப் படம் போதும்.

சரி, எங்க ஊர்ப் பெயருக்கு வருவோம். பஞ்சாப் நிலவரத்தைக் காட்டி 1985ல் கொண்டுவந்து, 1987ல் மறுபடி இயற்றிய சட்டம் தடா. அதில் 5ஆம் பிரிவு என்று ஒன்று. அரசாங்கம் அறிவித்த பகுதிக்குள் குறிப்பிட்ட வகை ஆயுதத்தை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 5 வருஷம், அதிகபட்சம் ஆயுள். லைசென்ஸ் இல்லாத குற்றம் ஒரே தாவலில் பயங்கரவாதக் குற்றமாகிவிடும். போதாததற்கு, காவல்துறை கண்காணிப்பாளரிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். மொத்தம் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. வங்கிக்காரன் கணக்கில் சொன்னால், இப்படி ஒரு கடன் பட்டியலைத் தணிக்கையில் காட்டினால் கிளையையே மூடச் சொல்வார்கள்.

இதில் பிரபலமானவர் சஞ்சய் தத். 1993 மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில், ஏ.கே.56 வைத்திருந்ததாகத் தடாவில் கைது. அப்பா சுனில் தத் காங்கிரஸ் எம்.பி. ஒரு கட்சி மேடையில் அவர் தேசத்துரோகி, இன்னொரு மேடையில் பாவப்பட்ட பிள்ளை. 2006ல் தடா நீதிமன்றம் பயங்கரவாதக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. ஆயுதச் சட்டப்படி மட்டும் குற்றவாளி என்றது. 2009ல் லக்னோவில் சமாஜ்வாதி வேட்பாளராக நிற்கப் பார்த்தார், தண்டனையை நிறுத்திவைக்க உச்ச நீதிமன்றம் மறுத்ததால் முடியவில்லை. 2013ல் 5 வருஷச் சிறை உறுதியானது. இருபது வருஷ விவாதத்தின் முடிவில் மிஞ்சியது என்ன? அனுமதி இல்லாத துப்பாக்கி. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி!

அவருக்காவது பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். 1991 மே 21, தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். கொடுமையான கொலை, அதில் இரண்டு கருத்து இல்லை. வழக்கு தடாவில் நடந்தது. 1998ல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999ல் உச்ச நீதிமன்றம் இது கொலை வழக்கு, தடா குற்றம் இதற்குப் பொருந்தாது என்று சொல்லி 19 பேரை விடுவித்தது. கொலைக்காக நால்வருக்குத் தூக்கு, மூவருக்கு ஆயுள். செயலைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதும் எண்ணிக்கை எப்படி மாறியது பாருங்கள். அந்த 19 பேரின் எட்டு வருஷம்? அதைத் திருப்பித் தர எந்தக் கோர்ட்டாலும் முடியாது. முத்திரை குத்தப்படுவது என்றால் என்னவென்று புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் நம் ஊரிலேயே ஒழுங்கான முறையும் இருக்கிறது. ஊரில் வங்கியில் இருந்தபோது கார்டு வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியின் லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதி கிளை டைரியில் குறித்திருக்கும். தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்களை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மாவட்ட நிர்வாகத்துக்குத் தேர்தல் ஆணையம் வழிமுறை வைத்திருக்கிறது. முக்கியமாக யாருடைய துப்பாக்கியை வாங்கி வைக்கவேண்டும்? ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரத்தில் ஈடுபட்டவர். மூன்றுமே ஆள் செய்த காரியம் பற்றியவை. எந்தக் கட்சி என்று ஒரு கட்டம்கூட அதில் கிடையாது.

இனி என் மகளின் கேள்வி. 1989 டிசம்பர் 6, மாண்ட்ரியல் பொறியியல் கல்லூரியில் ஒருவன் 14 பெண்களைச் சுட்டுக் கொன்றான். அந்தத் துயரத்திலிருந்து பிறந்தது 1995ன் துப்பாக்கிச் சட்டம், நீளத் துப்பாக்கிகளுக்கும் பதிவேடு. நிகரச் செலவு 2 மில்லியன் டாலர் என்றார்கள். ஒரு பில்லியனைத் தாண்டும் என்று 2002ல் கணக்குத் தணிக்கையாளர் சொன்னார். அந்தக் கணம் பேச்சு கணக்கிலிருந்து கட்சிக்கு மாறிவிட்டது. பதிவு வேண்டும் என்றவர் கிராமத்தானை மதிக்காதவர், வேண்டாம் என்றவர் செத்த பெண்களை மறந்தவர். 2010ல் பதிவேட்டை ஒழிக்கும் மசோதா 153க்கு 151 என்று தோற்றது, 2012ல் ஒழிந்தது. மானுக்கு வேட்டையாடும் விவசாயியும் பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய விஷயம் அது.

மகளிடம் நான் சொன்னது இதுதான். நோட்டுப் புத்தகத்துக்குக் கட்சி கிடையாதும்மா, பேசுகிறவர்கள்தான் கொடுக்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவர் யாராயிருந்தாலும் நாலு கேள்வி கேள். அந்தப் புத்தகத்தில் என்ன எழுதுவீர்கள்? யார் யார் பார்க்கலாம்? என்ன செலவு? தப்பாக எழுதிவிட்டால் அழிக்க எத்தனை நாள்? பதில் சொல்லாமல் எதிராளியின் கட்சிப் பெயரை ஆரம்பித்தால், நன்றி சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம்.